கொரிய ஆங்கில முகாமில் பாடம் நடத்தப் போகிறீர்களா? முகாமுக்கு முந்தைய வாரத்துக்கான முழு வழிகாட்டி

தென்கொரியப் பள்ளிகளுக்கு வருடத்தில் இரண்டு பெரிய விடுமுறை. ஜூலைக் கடைசியில் தொடங்கும் கோடை விடுமுறை ஒன்று, டிசம்பர் கடைசியில் தொடங்கும் குளிர்கால விடுமுறை இன்னொன்று. விடுமுறை என்றதும் பிள்ளைகள் வீட்டில் ஆட்டம் போடுவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளி, பல்கலைக்கழகம், நகராட்சி, தனியார் நிறுவனம் என ஆளாளுக்கு ஆங்கில முகாம் நடத்துவது இந்த நாட்களில்தான். ஒரே வாரம் நடக்கும் பகல் முகாமும் உண்டு. மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்கும் மூன்று, நான்கு வார முகாமும் உண்டு. இவற்றுக்கு வெளிநாட்டு ஆசிரியர்களைக் குறுகிய காலத்துக்கு எடுப்பார்கள்.

போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். முகாமுக்கு முந்தின நாள் போய் இறங்காதீர்கள். ஒரு வாரமாவது முன்னால் போங்கள். தங்கிப் படிக்கும் முகாம் என்றால் காலை உணவிலிருந்து இரவு விளக்கணைக்கும் வரை உங்கள் நேரம் உங்களுடையது இல்லை. சிம் வாங்க வேண்டும், இரவில் தூக்கம் வரவில்லை, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பதையெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், முகாம் முடியும் வரை அது அப்படியேதான் இருக்கும்.

படி 1: உங்கள் பாஸ்போர்ட்டுக்கு இந்த வேலை உண்டா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏஜென்டிடம் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஆங்கிலம் கற்பிப்பதற்கான வழக்கமான விசா இ-2. அது அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு உரியது. மூன்று, நான்கு வார முகாம்களுக்கு அதற்குப் பதிலாக சி-4 என்ற குறுகிய கால வேலை விசா தருவார்கள். அதிகபட்சம் 90 நாள். அதற்கும் முகாம்காரர்கள் பெரும்பாலும் இதே ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டைத்தான் கேட்பார்கள். டொரண்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் குடியுரிமை பெற்ற தமிழர்களுக்கு இது நேரான வழி. சிங்கப்பூர், மலேசியா, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை, ஆங்கிலம் எவ்வளவு சரளமாக இருந்தாலும் சரி.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஒரு சிறிய கதவு உண்டு. 2010 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்த இந்திய - கொரிய வர்த்தக ஒப்பந்தத்தின்படி, பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர்கள் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியர்களாக வேலை பார்க்கலாம். சட்டத்தில் இருக்கிறதே தவிர, அதை வைத்து ஆளெடுப்பவர்கள் குறைவு. ஆகவே முகாம்காரர் ‘சரி’ என்று சொல்லிவிட்டாலும், சென்னையில் உள்ள கொரியத் தூதரக அலுவலகத்தில் நீங்களே ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே இ-2 விசாவில் கொரியாவில் வேலை செய்கிறவர்கள் விடுமுறையில் வேறோர் இடத்து முகாமுக்குப் போவதானால், குடிவரவு அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். கொரியரை மணந்தவர்களுக்கான எஃப்-6, நிரந்தரக் குடியிருப்புக்கான எஃப்-5 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

“சுற்றுலாவாக வந்துவிடுங்கள், மூன்று வாரம்தானே, கையில் பணமாகக் கொடுத்துவிடுகிறோம்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். மாட்டினால் அபராதம், வெளியேற்றம், மறுபடி நுழையத் தடை எல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

காகிதங்களில் நேரம் பிடிப்பவை இரண்டு: அப்போஸ்டில் முத்திரையிட்ட (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்காக உங்கள் நாட்டு அரசு இடும் முத்திரை) பட்டச் சான்று, அதே முத்திரையிட்ட காவல்துறை நன்னடத்தைச் சான்று. காவல்துறைச் சான்று நாட்டளவிலானதாகவும் சமீபத்தியதாகவும் இருக்க வேண்டும். குளிர்கால முகாமுக்கு செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டால் பதற்றம் இருக்காது. பிள்ளைகளோடு வேலை செய்வதால், கொரியாவிலும் உங்கள் பெயரில் பாலியல் குற்றம், சிறார் கொடுமைப் பதிவு ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள். அதற்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் திகைக்க வேண்டாம். எல்லோருக்கும் உள்ள நடைமுறைதான் அது.

இன்னொன்றையும் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பார்கள். கனடாப் பாஸ்போர்ட் இருந்தாலும், முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் போடாத இடங்கள் உண்டு. பதில் வராவிட்டால் உங்கள் ஆங்கிலத்தைச் சந்தேகிக்காமல் அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.

படி 2: ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள்

சம்பளத் தொகையை எல்லோரும் பார்ப்பார்கள். அதைவிட முக்கியமானது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பாடம் என்பது. பாட நேரத்துக்கு வெளியே சாப்பாட்டு மேற்பார்வை, மாலை விளையாட்டு, இரவுக் காவல், பெற்றோருக்கான மதிப்பீட்டு அறிக்கை எல்லாம் இருக்கும். அவை வேலை நேரக் கணக்கில் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு உண்டா? அறை தனியா, இன்னொருவரோடா? பாடத்திட்டம் அவர்கள் தருவார்களா, நீங்களே தயாரிக்க வேண்டுமா? சம்பளம் எந்தத் தேதியில், எப்படி வரும்?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 90 நாளுக்குள் திரும்புகிறவர்களுக்கு வெளிநாட்டவர் பதிவு அட்டை இருக்காது. அந்த அட்டை இல்லாமல் வங்கிக் கணக்குத் திறப்பது பெரும்பாடு. உங்கள் ஊர்க் கணக்குக்கே அனுப்புவார்களா, அனுப்பும் கட்டணம் யாருடையது என்பதைப் போகும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். முகாம் தரும் அறை பயிற்சி நாளில்தான் திறக்கும் என்பதும் சாதாரணம். முன்கூட்டிப் போகும் வாரத்துக்கு உங்கள் செலவிலேயே தங்க வேண்டும். விசாத் தேதிகளும் அந்த வாரத்தைச் சேர்த்து இருக்கட்டும்.

படி 3: பெட்டியில் என்ன?

ஜனவரியில் சியோலில் இரவு வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போவது அன்றாடம். குளிர் அலை வந்தால் மைனஸ் 15 வரை இறங்கும். ஆனால் உள்ளே தரையே சூடாக இருக்கும். அதனால் ஒரே ஒரு கனமான ஸ்வெட்டரைவிட, கழற்றி மாட்டக்கூடிய மெல்லிய அடுக்குகள் நல்லது. முழங்கால் வரை வரும் பஞ்சு கோட்டை அங்கேயே வாங்கலாம், ஊரே அதைத்தான் போட்டுக்கொண்டு நடக்கும். கோடை முகாமுக்குப் போகிறவர்களுக்குச் சென்னைக்காரரின் உடம்பே போதும். புழுக்கம் நமக்குப் பழக்கமானதுதான். குடை மட்டும் மறக்க வேண்டாம்.

மின்சாரம் 220 வோல்ட். பிளக் உருண்டையான இரண்டு முள். இந்தியாவின் மூன்று முள் நுழையாது, அடாப்டர் வேண்டும்.

மருந்தில் கவனம் தேவை. கோடீன் கலந்த இருமல் மருந்தும், கவனக்குறைவுச் சிக்கலுக்குத் தரும் ஆம்பெட்டமைன் வகை மாத்திரைகளும் அங்கே போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். உங்கள் ஊரில் மருந்துச்சீட்டு இருந்தாலும் அப்படியே எடுத்துப் போகக் கூடாது. இறைச்சிப் பண்டம், பழம், பச்சைக் கறிவேப்பிலை ஆகியவற்றை விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். பருப்புப்பொடி, இட்லிப்பொடி, ஊறுகாய்க்கு எனக்குத் தெரிந்து யாரும் தடை சொன்னதில்லை. கடையில் வாங்கிய, சீல் உடையாத பாக்கெட்டாக இருக்கட்டும்.

போனில் செய்தி அனுப்ப காகாவோ டாக், வழி பார்க்க நேவர் மேப், மொழிபெயர்க்க பாப்பாகோ மூன்றையும் ஊரிலேயே ஏற்றி, உங்கள் ஊர் எண்ணிலேயே காகாவோ கணக்கைத் தொடங்கிவிடுங்கள். முகாமின் அறிவிப்பு, அட்டவணை மாற்றம், “ஐந்து நிமிடத்தில் கூட்டம்” எல்லாம் காகாவோ குழுவில்தான் வரும். நடந்து போகும் வழிக்கு கூகுள் மேப்பை அங்கே நம்ப முடியாது; நேவரில் ஆங்கிலத்திலேயே தேடலாம்.

அப்புறம், ஹங்குல் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அடிப்படை எழுத்து 24தான். 15ஆம் நூற்றாண்டில் செஜோங் மன்னர், சாமானியரும் படிக்க வேண்டும் என்று உருவாக்கியது. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டமாக நிற்பது உயிர்மெய் எழுதிப் பழகிய நமக்குப் புதிதல்ல. ஒரு சனி ஞாயிறு உட்கார்ந்தால் பஸ் பலகையும் சாப்பாட்டுப் பட்டியலும் படிக்க வந்துவிடும்.

படி 4: இறங்கியதும்

இஞ்சியோன் விமான நிலையத்திலேயே ஏதாவது ஒரு சிறு கடையில் டி-மணி அட்டை வாங்குங்கள். சியூ, ஜிஎஸ்25 எல்லாக் கடையிலும் கிடைக்கும். மெட்ரோ ரயில், பஸ், டாக்சி எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். பணம் ஏற்றும்போது நோட்டாகக் கேட்பார்கள், எனவே கையில் சில பத்தாயிரம் வோன் நோட்டுகள் இருக்கட்டும். பஸ்ஸில் இறங்கும்போதும் அட்டையைத் தட்ட மறக்காதீர்கள். தட்டினால்தான் அடுத்த வண்டிக்கு மாறும் சலுகை கிடைக்கும். முதல் முனையத்திலிருந்து சியோல் நிலையத்துக்கு நேர் ரயிலில் 43 நிமிடம். முகாம் வேறு ஊரில் என்றால் சியோலுக்குள் போகவே வேண்டாம், விமான நிலைய வாசலிலிருந்தே பல ஊர்களுக்கு நேரடி பஸ் உண்டு.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு மூன்றரை மணி நேர வித்தியாசம்தான், இரண்டு நாளில் சரியாகிவிடும். டொரண்டோவிலிருந்து குளிர்காலத்தில் 14 மணி நேரம். பகல் இரவாகிவிட்ட அந்த உடம்போடு முப்பது பிள்ளைகள் முன்னால் நிற்க முடியாது. ஒரு வாரம் முன்னால் போகச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

படி 5: ஒரு வாரத்துக்கு ஓர் அறை

குறைந்த செலவில் தங்க கொஷிவொன் என்ற அறைகள் உண்டு. தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்காக வந்தவை. கட்டில், மேசை, அவ்வளவுதான். கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். ஜன்னல் உள்ள அறைக்குக் கூடுதல் வாடகை. பொதுச் சமையலறையில் சோறும், கிம்ச்சி என்ற காரமான முட்டைக்கோஸ் ஊறுகாயும் பெரும்பாலும் இலவசம். மாதக் கணக்கில்தான் தருவார்கள் என்றாலும் வாரத்துக்குக் கேட்டுப் பார்க்கலாம். ஒத்துவராவிட்டால் கெஸ்ட் ஹவுஸ்.

தனி வீடு அல்லது முகாம் தந்த அறை என்றால், சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். தரைச் சூட்டுக்கும் வெந்நீருக்கும் உள்ள பாய்லரின் கட்டுப்பாடு அதுதான். பொத்தான்கள் எல்லாம் கொரிய எழுத்தில். பாப்பாகோவில் ஒரு படம் எடுத்தால் மூன்று சொல் தெரியும்: ‘ஒந்தொல்’ தரைச் சூடு, ‘ஒன்சு’ வெந்நீர், ‘வேச்சுல்’ வெளியே போகும் நேரத்துக்கானது. கேஸ் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஜனவரியில் பாய்லரை முழுதாக அணைத்துவிட்டுப் போகாதீர்கள். குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்தால் அந்தச் செலவு உங்களுடையதாகிவிடும். வெளியே கிளம்பும்போது ‘வேச்சுல்’ பொத்தானை அழுத்தினால் போதும்.

குப்பை அங்கே தனிக் கலை. 1995 முதல் நாடு முழுக்க, குப்பைக்கென்று அந்தந்தப் பகுதியின் பெயர் அச்சிட்ட பையைக் கடையில் காசு கொடுத்து வாங்கித்தான் போட வேண்டும். சாப்பாட்டுக் கழிவு தனி, பிளாஸ்டிக் தனி, தாள் தனி. முதல் நாளே வீட்டுக்காரரிடம் எதை எங்கே, என்றைக்குப் போடுவது என்று கேட்டு வையுங்கள்.

படி 6: சாப்பாட்டை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள்

முகாம் சாப்பாடு எஃகுத் தட்டில் வரும். ஐந்து குழி: ஒன்றில் சோறு, ஒன்றில் சூப், ஒன்றில் கிம்ச்சி, மற்ற இரண்டில் அன்றைய கூட்டு வகைகள். நீள ஸ்பூனும் உலோகச் சாப்ஸ்டிக்கும். பசிக்கு நல்ல சாப்பாடு, ஆனால் சைவர்களுக்குத் தட்டெல்லாம் கண்ணிவெடி. கிம்ச்சியில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ இருக்கும். சூப்பின் அடித்தண்ணீர் நெத்திலிக் கருவாட்டில் கொதித்தது. கடற்பாசித் தாளில் சோற்றைச் சுற்றித் தரும் கிம்பாப்பில் ஹாம் வைத்திருப்பார்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் கடற்பாசி சூப்பைக் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும்; அதில் மாட்டிறைச்சி போடுவது வழக்கம். பன்றி தவிர்ப்பவர்களுக்கு சாசேஜ் பிரச்சினை.

“நான் சைவம்” என்று மட்டும் சொன்னால், இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு அதே சூப்பைத் தருவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அங்கே பலருக்கு மீனும் முட்டையும் சைவக் கணக்கில் வந்துவிடும். எதைச் சாப்பிடுவீர்கள், எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்று இரண்டு வரிசையாக எழுதி, கொரிய மொழியில் மாற்றி, முகாம் தொடங்க ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். சமையலறைக்கு ஏற்பாடு செய்ய அவகாசம் வேண்டுமல்லவா. கிம்ச்சி, சூப் இரண்டையும் தள்ளினாலும் சோறு, முட்டை, வறுத்த கடற்பாசித் தாள் மிஞ்சும். அதோடு நம் பருப்புப்பொடி சேர்ந்தால் ஒரு மாதம் ஓட்டிவிடலாம்.

மைக்ரோவேவில் இரண்டு நிமிடத்தில் வேகும் ஹெத்பான் சோற்றுக் கிண்ணம் எல்லாச் சிறு கடையிலும் உண்டு. அந்தச் சோறு குழைவாக ஒட்டும், தயிர்சாதத்துக்கு அதைவிட நல்ல சோறு கிடையாது. ஆனால் தயிர்தான் தொல்லை: வெள்ளையாக இருக்கிறது என்று எடுத்தால், கடையில் உள்ள டப்பாக்களில் பாதிக்கு மேற்பட்டவை சர்க்கரை போட்டவை. டப்பாவின் பின்பக்கத்தை பாப்பாகோவில் பார்த்துவிட்டு எடுங்கள்.

மளிகைக்கு சியோலில் இத்தேவோன் மசூதி மேட்டைச் சுற்றியுள்ள கடைகள். துவரம்பருப்பு, நீள அரிசி, மசாலா எல்லாம் கிடைக்கும். சியோலுக்குப் பக்கத்து நகரமான ஆன்சானில் வெளிநாட்டுத் தொழிலாளர் கூடும் வொன்கொக்-தோங் பகுதியும் அப்படித்தான். முந்தைய வாரத்திலேயே ஒரு நடை போய் வாங்கி வைத்துவிடுங்கள். முகாம் ஊரில் இவை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

படி 7: போன், பணம், உடம்பு

டேட்டா உள்ள இ-சிம் ஒன்று போதும். உங்கள் பெயரில் கொரிய எண் இல்லாததால் பல கொரிய இணையதளங்களில் அடையாளச் சரிபார்ப்பு நடக்காது. வெளிநாட்டு கார்டு கடையில் ஓடும், ஆன்லைனில் அடிக்கடி மறுக்கும். எதையாவது இணையத்தில் வாங்க வேண்டுமென்றால் கொரியச் சக ஆசிரியரிடம் கேட்பதே சுருக்கு வழி. டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் அங்கே இல்லை.

சி-4 விசாவில் போகிறவர்கள் பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்ப வேண்டாம். எண்களைக் குறித்து வையுங்கள்: போலீஸ் 112, ஆம்புலன்ஸ் 119, விசா சந்தேகத்துக்கு 1345, சுற்றுலா உதவிக்கும் மொழிபெயர்ப்புக்கும் 1330. நடுராத்திரியில் போன் திடீரென்று அலறினால் பயப்படாதீர்கள், அரசின் அவசர அறிவிப்பு. கடும் பனி, மழை, காணாமல் போனவர் என எதற்கும் வரும். மொழிபெயர்த்துப் படித்துவிட்டு மறுபடி தூங்கலாம்.

படி 8: பள்ளியை ஒருமுறை போய்ப் பாருங்கள்

முகாம் உள்ளூர்ப் பள்ளியில் என்றால் இதைத் தவறவிடாதீர்கள். அதே பஸ், அதே நேரம், ஓர் ஒத்திகை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போட வேறு செருப்பு மாற்ற வேண்டும், அதை டைசோ என்ற மலிவு விலைக் கடையில் வாங்கிக்கொண்டே போங்கள். முதல்வர் இருந்தால் முதலில் அவரைப் பார்த்து, தலை குனிந்து வணக்கம் சொல்லுங்கள். எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கை. ஆசிரியர் அறைக்கு ஒரு டப்பா பிஸ்கெட் கொண்டுபோனால் அந்த மாதம் முழுக்க ஜெராக்ஸ் மெஷின் உங்களுக்குத் தாராளமாக ஓடும்.

வகுப்பறைக் கணினியை அன்றைக்கே திறந்து பாருங்கள். பல பள்ளிகளில் வெளி மின்னஞ்சலும் கூகுள் டிரைவும் அடைக்கப்பட்டிருக்கும், பென் டிரைவில் எடுத்துப் போவதே பாதுகாப்பு. பள்ளி அனுப்பும் கோப்புகள் எச்டபிள்யூபி என்ற கொரிய வடிவத்தில் வரும், வேர்டில் திறக்காது. பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

சக ஆசிரியரிடம் மூன்று கேள்வி: எந்த வகுப்புப் பிள்ளைகள், எத்தனை பேர், அவர்களின் ஆங்கிலம் எப்படி? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராது. பள்ளியில் ஆங்கிலம் மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது, 1997 முதல் அப்படி. ஆனால் ஹாக்வொன் என்ற தனிப்பயிற்சி மையத்துக்கு நான்கு வயதிலிருந்து போன பிள்ளையும், எழுத்துகூடத் தெரியாத பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு பயிற்சிக்கும் எளிதான வடிவம் ஒன்று, கடினமான வடிவம் ஒன்று என இரண்டு தயாராக வையுங்கள். பாடத்துக்கு வேண்டிய ஸ்டிக்கர், அட்டை, குட்டி வெள்ளைப் பலகை எல்லாம் டைசோவில் 5,000 வோனுக்குள் கிடைக்கும்.

படி 9: முதல் நாள்

முதல் மணி நேரம் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். அது வெட்கம், அலட்சியம் இல்லை. பேசச் சொல்லாமல் செய்யச் சொல்லுங்கள்: பெயர் அட்டை வரையட்டும். பெரும்பாலோர் ஆங்கிலப் பெயர் ஒன்று வைத்திருப்பார்கள். இல்லாதவர்களை வற்புறுத்தாமல் கொரியப் பெயரையே சரியாகச் சொல்லப் பழகுங்கள். யார் பெயரையும் சிவப்பு மையில் எழுதாதீர்கள். இறந்தவர் பெயரோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. வயதைக் கேட்பதைவிட எத்தனையாம் வகுப்பு என்று கேளுங்கள். பிறக்கும்போதே ஒரு வயது என்ற பழைய கணக்கை 2023 ஜூனில் சட்டப்படி மாற்றிய பிறகும் இரண்டு விடை சொல்லும் பிள்ளைகள் உண்டு.

யார் முதலில் என்ற சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்ல முயலாதீர்கள். “காவி பாவி போ” என்று சொன்னால் போதும், கல்-காகிதம்-கத்தரி போட்டு அவர்களே முடித்துக்கொள்வார்கள். தோற்றவன் முறுமுறுக்காமல் ஒதுங்குவான். அந்த முறைக்கு வகுப்பில் உள்ள மரியாதை உங்கள் குரலுக்கு இரண்டாம் வாரத்தில்தான் வரும்.

“டீச்சர், நீங்க எந்த நாடு?” என்ற கேள்வி நிச்சயம் வரும். கனடா என்று சொன்னால் நம்பாத முகத்தோடு மறுபடியும் கேட்பார்கள். கோபப்பட ஒன்றுமில்லை, உலக வரைபடம் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். தாத்தா பாட்டி ஊர், அப்பா அம்மா போன ஊர், நீங்கள் பிறந்த ஊர் என்று மூன்று ஊசி குத்தி, ஏன் போனார்கள் என்று அவர்களையே ஆங்கிலத்தில் கேட்கவிடுங்கள். நாற்பது நிமிடப் பாடம் அதிலேயே ஓடிவிடும். தங்கிப் படிக்கும் முகாமில் மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை: எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். இரவில் யாராவது அழுதுகொண்டே வந்து கதவைத் தட்டினால் கொரிய ஆசிரியரையும் எழுப்பிக்கொண்டு போங்கள். அந்தப் பிள்ளைக்கு அப்போது வேண்டியது அம்மாவிடம் பேசுவது, அதற்குப் போன் அவரிடம்தான் இருக்கும்.